மூவலூர் போய் வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் செயலாளர் ஆற்றிய உரை)



போன மாதம் நம்ம கூட்டமைப்பில் இருந்து பதினெட்டு பேர் வேன் வைத்து மூவலூர் போய் வந்தோம். மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர். "பூம்புகார், தரங்கம்பாடின்னு போகாம அங்க என்னத்தைப் பார்க்கப் போறீங்க?" என்று பல பேர் கேட்டீங்க. அதற்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் என்ற பேரை நம்மில் கேட்காதவங்க கிடையாது. திருமண உதவித் திட்டத்துக்கு அவங்க பேர்தான். 1989-இல் வந்த திட்டம். தருமபுரியில் நம்ம மாதிரி சுய உதவிக் குழுக்கள் தொடங்கினதும் அதே வருஷம்தான். ஆனால் அந்த அம்மா யாருன்னு கேட்டால் நமக்குத் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

1883-இல் திருவாரூரில் பிறந்தவங்க. வளர்ந்தது மூவலூர். சின்னப் பிள்ளையில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசிக் குடும்பத்தில் விடப்பட்டவங்க என்று சொல்வாங்க. அந்த வாழ்க்கையில் இருந்து வெளியே வந்ததோடு நிற்கவில்லை. தன்னைப் போன்ற பெண்களுக்குப் பொட்டுக்கட்டக் கூடாதுன்னு ஊர் ஊராகப் போய்ப் பேசினாங்க. 1936-இல் அதையே நாவலாக எழுதினாங்க. சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினாங்க. தெருவில் இவங்க போராடினாங்க. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1938-இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியில் இருந்து சென்னைக்கு 42 நாள் நடந்ததே, அதிலும் நடந்தாங்க. அப்போ அவங்களுக்கு வயசு 55. நமக்கு முட்டி வலிக்குதுன்னு மாதக் கூட்டத்துக்கு வர மாட்டேங்கிறோம்!

மூவலூர் கோயில் சாமிக்கு வழித்துணைநாதர் என்று பேர். அந்தக் கோயில் வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். என் மூத்த மகளும் கூட வந்திருந்தாள். 2013-இல் பிளஸ் டூ முடித்தவள். கல்லூரி விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். 25 ஆயிரம் பணமும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கிடைக்குதே, வந்த வரனை விடக் கூடாதுன்னு கல்யாணத்தை முடித்துவிட்டோம். அன்றைக்கு அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏம்மா, இந்த அம்மா பேர்லதானே எனக்குப் பணம் வாங்கினீங்க? அவங்க இருந்திருந்தா என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லியிருப்பாங்களா, படிக்கச் சொல்லியிருப்பாங்களா?"

என்னால் வாய் திறக்க முடியவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திட்டத்தின் மேல் குறை சொல்லவில்லை, சகோதரிகளே. பத்தாவது முடித்தால்தான் பணம் என்றதால் எத்தனையோ பிள்ளைகள் பத்தாவது வரை வந்தாங்க. 2022-இல் அதே பேரில் அது உயர்கல்விக்கான திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளைக்குக் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். புதுமைப் பெண் என்று நாம் சொல்வது அதைத்தான். அரசாங்கம் மாறிவிட்டது. நம்ம தீர்மான நோட்டு மாறியதா? புரட்டிப் பாருங்க. மகள் கல்யாணத்துக்குக் கடன் என்றால் ஒரே கூட்டத்தில் கையெழுத்து. மகள் படிப்புக்கு என்றால், "அடுத்த மாசம் பார்ப்போம்."

இரண்டே கோரிக்கை. ஒன்று, கல்யாணக் கடன் மனு வந்தால் அந்தப் பெண்ணையும் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவள் விருப்பத்தைக் கேட்டுவிட்டுத் தீர்மானம் எழுதுங்க. இரண்டு, படிப்புக் கடனும் கல்யாணக் கடனும் ஒரே மாதம் வந்தால் படிப்புக்கு முதலில் கொடுங்க. நம்ம பிள்ளைகளுக்கு வழித்துணை நாமதான்.

என் மகள் இப்போது புகுந்த ஊரில் தன் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறாள். அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு சேர நம்ம குழுவில் கடன் கேட்கச் சொன்னாள். அந்த மனுவை இந்த மாதக் கூட்டத்தில் நானே வைக்கிறேன். தள்ளிப் போட்டுடாதீங்க.