புறாக்காரம்மாவின் பெயர் என்ன?

(மொட்டைமாடிப் படக்காட்சிக்கு முன் பேசியது)



சற்று நேரத்தில் நாம் பார்க்கப்போவது 1992-இல் வந்த 'ஹோம் அலோன் 2'. விமானம் மாறி ஏறி, நியூயார்க்கில் தனியாக இறங்குகிறான் சிறுவன் கெவின். திருடர்கள் வாங்கும் அடியைப் பார்த்துக் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், நீங்களும் சிரியுங்கள்.

ஆனால், சென்ட்ரல் பார்க்கில் புறாக்களோடு தனியே வாழும் பெண்மணியையும் கவனியுங்கள். முதலில் கெவின் அவரைக் கண்டு பயந்து ஓடுகிறான். கடைசியில் திருடர்களிடமிருந்து அவனைக் காப்பாற்றுவதே அவர்தான். படம் முடியும்வரை அவர் பெயர் நமக்குத் தெரியாது.

நாமும் இங்கே பலரை வீட்டு எண்ணாகத்தான் அறிவோம். படம் முடிந்ததும் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பெயரைக் கேளுங்கள். தனியாக வசிப்பவர் என்றால், கைப்பேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.