படைவீரர் கல்லறைகளும் நம் கடமையும்
(யூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழாவிலே கல்லறையைப் பற்றியா பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வாண்டு நம் கல்லறைத் தோட்டத்தைச் சீர்செய்தபோது, பெயர் அழிந்த சிலுவைகள் பலவற்றைக் கண்டோம். சில பட்டாளத்தாருடையவை என்றனர் முதியோர். எவருடையவை என்று கூறத்தான் ஆளில்லை.

அந்நினைவோடு பொதிகை வண்டியேறிச் சென்னை சென்றிருந்த நாம், நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தையும் கண்டு வந்தோம். 1952-ல் அமைந்தது அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறந்து, தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் அடக்கமானவர்களின் கல்லறைகளைத் தொடர்ந்து பராமரிக்க உறுதியில்லாமற் போகவே, அவர்களை இங்குக் கொணர்ந்து அடக்கினர். 850-க்கும் மேற்பட்ட கல்லறைகள். முதற் போரில் மாண்டு வேறிடங்களில் துயில்வோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பின்புற நினைவகத்தில் உள்ளன. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்! 1917-ல் பேபியன் வேர் என்பவரின் முயற்சியால் தோன்றிய ஆணையத்தின் விதி அது. இருப்பவருக்குப் பளிங்கு, இல்லாதவருக்கு மண்மேடு என்று பழகிய நம் கண்களுக்கு இது புதுமையாகவே பட்டது.

ஆனால் அவ்விதி எங்கும் காக்கப்படவில்லை. முதற் போரில் மாண்டோருள் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயரின்றியோ நினைவுச் சின்னமே இன்றியோ விடுபட்டனர் என்று 2021-ல் அவ்வாணையமே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. இந்தியர் பலரும் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று அவ்வறிக்கை கூறுகிறது.

இன்னொன்றும் உண்டு. இரண்டாம் போருக்கு ஆணையம் கொள்ளும் காலம் 3-9-1939 முதல் 31-12-1947 வரை. அதற்குள் இறந்தவருக்கே அக்கல். பென்சனோடு இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் திரும்பி வந்து, முப்பது நாற்பது ஆண்டு கழித்துக் கண்மூடியவரை எந்த ஆணையமும் தேடி வராது. அவர் நம் பொறுப்பு. நாமோ குழி போதவில்லை என்று அதே இடத்தைத் திரும்பத் தோண்டியிருக்கிறோம். இதில் பங்கு இல்லத்துக்கும் பங்குண்டு, மறைக்கவில்லை.

ஆகவே, உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் பென்சன் புத்தகமோ, பட்டாளச் சான்றிதழோ, பதக்கமோ இருந்தால் கொண்டு வாருங்கள். பதக்க விளிம்பில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பதுண்டு. இறந்தோர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். நவம்பர் 2-ஆம் நாள் கல்லறை மந்திரிப்புக்கு முன் எத்தனை பெயர் கிடைக்கிறதோ அத்தனையையும் வாயிற் சுவரில் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறோம்.