கணுக்காலிகளும் எல்லையூர்ப் பெயர்களும்

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலையைச் சுற்றிய சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வேலிக்குள் வழங்குகின்றன. அவ்வேலியில் ஊரும் சிற்றுயிர்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள் உண்டு. மொழிபெயர்ப்பே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இவற்றில் ஒரு தனிச் சுவை.

இச்சிற்றுயிர்களுட் பெரும்பாலானவை கணுக்காலிகள் என்னும் பெருங்குலத்தைச் சேர்ந்தவை. உடல் வளையம் வளையமாக அமைந்திருக்கும். கால்கள் மூட்டுமூட்டாக மடங்கும். உள்ளே எலும்பு இல்லை. கைட்டின் என்னும் பொருள் கலந்த வெளிப்போர்வையே எலும்பின் வேலையைச் செய்கிறது. அப்போர்வை உடலோடு சேர்ந்து வளராது. ஆதலின் வளருந்தோறும் அதனைக் கழற்றிவிட்டுப் புதிது பூண வேண்டும். இதுவரை பெயரிடப்பெற்ற விலங்கினங்களில் முக்காற்பங்குக்கு மேற்பட்டவை இக்குலத்தனவே.

இதன் பிரிவுகளை அறியக் கால்களை எண்ணினாற் போதும் என்பர். ஆறு கால் உடையவை பூச்சிகள்: தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டும், ரப்பர்த் தோட்டத்துத் தேனீயும் இவ்வகை. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றுக்கு எட்டுக் கால், உணர்கொம்பு கிடையாது. சிலந்தியை நாம் எட்டுக்கால் பூச்சி என்கிறோமே, அப்பெயரின் முற்பாதி மெய், பிற்பாதி பொய். நண்டும் இறாலும் ஓட்டுடலிகள். அவற்றுக்கு உணர்கொம்பு இரண்டு இணை. இறாலை மலையாளத்தில் செம்மீன் என்பர். ஆனால் மீனுக்குரிய முதுகெலும்பு அதற்கு ஏது? எஞ்சியவை பூரானும் மரவட்டையும். பூரானுக்கு வளையத்துக்கு ஓரிணைக் கால். மரவட்டைக்குப் பெரும்பாலும் ஈரிணை.

பெயர்ப்பிழை எல்லாம் வேடிக்கையோடு முடிவதில்லை. ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலைக் கேரளத்தில் செள்ளுப்பனி என்கின்றனர். பனி என்றால் அங்கே காய்ச்சல். செள்ளு என்பதோ நம் தெள்ளுப்பூச்சியையும் நினைவூட்டும் சொல். தமிழ்நாட்டில் இதுவே உண்ணிக் காய்ச்சல். நோயைத் தருவது தெள்ளுமன்று, உண்ணியுமன்று. உண்ணிக்கு உறவான ஒரு சிறு பேன்வகை. வளர்ந்தபின் அதற்கு எட்டுக் கால். மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்று கிடக்கும், நம்மைத் தீண்டாது. அதன் இளம்பருவமே எலியையும் மனிதரையும் கடிக்கும். அப்பருவத்தில் அதற்குக் கால் ஆறுதான்! கணக்குப் பொய்க்கும் இடத்திலேதான் ஆபத்து இருக்கிறது. கால் மில்லிமீட்டர் அளவே உள்ள அதனைக் கண்ணால் கண்டு எண்ணுவதும் அரிது.

2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்நோய்க்கு இருவர் பலியாயினர். அவற்றுள் ஓருயிர் பாறசாலைப் பகுதியில் போயிற்று. உரிய காலத்தில் டாக்சிசைக்ளின் மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். இடர்ப்பாடு நோயை இன்னதென்று அறிவதில்தான். புதர் வெட்டியபின் காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் வரை, சில வேளை அதற்கு மேலும், ஆகக்கூடும். விடுமுறையில் ஊர் சென்றவர் அதற்குள் தில்லிக்கோ மும்பைக்கோ திரும்பியிருப்பார். காய்ச்சலோடு அங்கே மருத்துவரிடம் செல்பவர் தம் ஊர்ப்பயணத்தையும் சொல்லவேண்டும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கடிவாயில் பீடி நெருப்புச் சுட்டாற்போன்ற கரும்பொருக்கு சிலருக்கு இருக்கும். வலிக்காது, ஆகையால் நோயாளியே அதனை அறியமாட்டார்.