தெருவுக்கு வந்த வானம்

(சிற்றூர்த் தமிழ்மன்றம் ஒன்றில், சிலைத் திங்கள் இரவில், தொலைநோக்கிக் காட்சிக்கு முன்பாக ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்.)



இன்னும் அரைமணி நேரத்தில் இம்மன்றத்தின் விளக்குகளை அணைத்துவிட்டுப் பின்புறத்துக் களத்துமேட்டுக்குப் போகப் போகின்றோம். அங்கே இரண்டு தொலைநோக்கிகள் நிறுத்தப்பெற்றுள்ளன. அவற்றைக் காணவே பாதிப்பேர் வந்திருக்கின்றீர்கள். என் பேச்சைக் கேட்பதற்கன்று. அதில் எனக்கு வருத்தமில்லை, மகிழ்ச்சியே. ஆயினும் கண்ணைக் குழாயில் வைக்கு முன்னர் ஒன்றைச் சொல்லவேண்டியவனாக இருக்கின்றேன். வானம் எல்லார்க்கும் பொது என்கின்றோம். வானத்தைப் பற்றிய அறிவு எல்லார்க்கும் பொதுவாக இருந்ததா?

நம் முன்னோர் வானத்தை அறியாதவர் அல்லர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புறநானூற்றின் 30-ஆம் பாட்டில், ஞாயிற்றின் செலவையும் விரைவையும் நேரே போய் அளந்து வந்தார்போலச் சொல்லவல்ல அறிவர் இருந்தமையைக் குறிக்கின்றார். காரிக்கோளை மைம்மீன் என்றனர்; வால்மீனைத் தூமம் என்றனர்; கார்த்திகைக் கூட்டத்தை ஆரல் என்றனர்; வடவானத்து ஏழினை எழுமீன் என்றனர். உற்று நோக்காதவன் பெயரிடமாட்டான். ஆனால், அதே புறநானூற்றின் 229-ஆம் பாட்டில், கூடலூர் கிழார் ஒரு மீன் எரிந்து வீழக்கண்டு, தம் அரசனுக்கு என்ன நேருமோ என்று ஏழு நாளும் நெஞ்சு நடுங்கியிருந்ததையும் காண்கின்றோம். பழம்பெருமை பேசுவோர் முதற்பாட்டை எடுத்துச் சொல்லி, இரண்டாவதை அப்படியே விட்டுவிடுவர். எனக்கு அவ்வாறு செய்ய மனம் வரவில்லை. அறிவும் அச்சமும் ஒரே தொகைநூலுள் அடுத்தடுத்து வாழ்ந்திருக்கின்றன.

அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் நிலை மாறவில்லை என்பதற்கு ஒரு சான்று. சென்னை வானாய்வகத்தில் முன்னம் பணியாற்றிய சான் வாரன் என்னும் படைத்தலைவர் 1825-இல் ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் எனப்பெறும் ஐந்திறம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையிலே சோழிகளைப் பரப்பி, அவற்றை நகர்த்தி நகர்த்தி, அவ்வாண்டு மே இறுதியில் நிகழவிருந்த நிலாமறைப்பைக் கணித்துக் காட்டியதை அதிலே எழுதியுள்ளார். தாளில்லை, எழுதுகோலில்லை. எண்களெல்லாம் அசைகளாகவும் சொற்களாகவும் அவர் நெஞ்சிலே கிடந்தன. மறைப்புத் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்கு 4 மணித்துளியே பிழைத்தது. முடியும் நேரத்தில் பிழை ஒருமணிக்குச் சற்றுக் குறைவு, அதனையும் சொல்லிவிடுகின்றேன். 1952-இல் ஓட்டோ நியூகெபவர் என்னும் கணக்கியல் வரலாற்றறிஞர் இம்முறையை ஆராய்ந்து, தம் கட்டுரைக்குத் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டார்.

கேட்கப் பெருமையாகத்தான் இருக்கின்றது. ஆனால் வாரன் இன்னொன்றும் சொல்கின்றார். அக்கணிப்பாளர்க்குத் தாம் செய்யும் கணக்கின் அடிப்படை ஏதும் தெரியாது, மனப்பாடமே தெரியும். அவர் சோழி நகர்த்திய அதே இரவில், தெருவிலிருந்த மக்கள் என்ன செய்துகொண்டிருந்திருப்பர்? கருவுற்ற பெண்களை இருட்டறையில் பூட்டியிருப்பர். உலை நீரில் அறுகம்புல் இட்டிருப்பர். மறைப்பு எப்பொழுது வரும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தார். நிலவுலகின் நிழல் நிலாவின்மேல் விழுகின்றது, அவ்வளவுதான் என்று தெருவில் நின்று சொல்லுவார் ஒருவரும் இலர். நம்மிடம் அறிவு இல்லாமற் போகவில்லை, உறவினரே! பங்கிடப்படாமற் போயிற்று.

வெள்ளையர் வந்தும் இது மாறிற்றில்லை. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுந்தது. ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றின்மேல் அவர்தம் கருவியை வைத்தனர். அத்தூணில் இலத்தீனோடு தமிழும் தெலுங்கும் செதுக்கப்பெற்றன. ஆசியாவில் கணக்கறிவியல் பிரித்தானியர் வள்ளன்மையால் முதன்முதல் ஊன்றப்பெற்ற காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்தும் மக்கள் அறியவேண்டுமாம், அதற்காகச் செதுக்கினராம்! முதன்முதலாம்! சோழி நகர்த்தியவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அது கிடக்கட்டும். கல்லிலே தமிழ் ஏறியது. ஆனால் கருவியின் அருகே தமிழ்மக்கள் ஏறவில்லை. அவ்வாய்வகத்துள்ளேயே உதவியாளராய் இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார்க்கு மட்டும் இந்தக் குறை உறுத்தியிருக்கின்றது. 1867-இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், 1874 திசம்பர் 9-ஆம் பக்கல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்து செல்லவிருந்தபொழுது, பொதுமக்களுக்கென்றே சிறுநூல் எழுதி, ஆங்கிலத்தோடு கன்னடம், உருது முதலிய மொழிகளிலும் வெளியிட்டார். நம் நாட்டில் வானத்தை ஊர்மொழியில் பங்கிட முனைந்த தொடக்க அறிவியலாளருள் அவரை வைத்தெண்ணவேண்டும்.

இனி, நான் இங்கே வந்ததற்கே காரணரான ஒருவரைப் பற்றிச் சொல்லுகின்றேன்.

சான் தாபுசன் 1915-இல் சீனத்தின் பீக்கிங்கில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவுக்கு வந்தவர். வேதியியல் பயின்றார். 1944-இல் அந்நகரத்து வேதாந்த மடத்தில் துறவியாய்ச் சேர்ந்தார். ஆம், நம் பக்கத்திலிருந்து போன வேதாந்தந்தான்! உலகத்தின் அமைப்பை அறியும் வேட்கை அவரை விடவில்லை. 1956-இல், உடைந்த கப்பலிலிருந்து கழற்றிய வட்டப் பலகணிக் கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து 12 அங்குல ஆடி செய்தார். அதனைக் குழாயிலிட்டுத் தேய்பிறை நிலாவைப் பார்த்தார். அந்த நொடியில் அவர்க்குத் தோன்றியது ஒன்றே: இதை எல்லாரும் பார்த்தாகவேண்டும்!

நான் பார்த்துவிட்டேன் என்று அவர் நிறைவடையவில்லை. எத்தனையோ பேர்க்கு அவ்விடத்தில் அறிவு நின்றுவிடுகின்றது.

பின்னர்ச் சாக்ரமெண்டோ மடத்துக்கு மாற்றப்பெற்றார். துறவிக்குக் கையில் காசு ஏது? கிடைத்த கண்ணாடி, வேண்டாமென எறிந்த மரம், அட்டைக்குழாய் இவைதாம் பொருள். இரவில் மடத்தார் உறங்கிய பின்னர்த் தொலைநோக்கியைத் தள்ளிக்கொண்டு அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குப் போவார், பிள்ளைகள் கூடுவர். நண்பர்க்கு எழுதும் மடல்களில் தொலைநோக்கி என்று எழுத அஞ்சிச் செரேனியம் என்னும் பூஞ்செடியின் பெயரால் குறிப்பாராம்! பூத்த செடி என்றால் ஆடிக்கு ஒளிப்பூச்சுப் பூசியாயிற்று என்று பொருள். 1967-இல் மடத்தினின்று வெளியேற்றப்பெற்றார். இந்த இரவுச் செலவுகளே அதற்குப் பெருங்காரணம்.

கையில் ஒன்றுமில்லாத, ஐம்பது அகவை கடந்தவர் என்ன செய்வார்? சான் பிரான்சிசுகோவுக்குத் திரும்பிப் பிராடரிக், சாக்சன் ஆகிய தெருக்கள் கூடும் முனையில், வானம் தெளிந்த இரவுதோறும் தொலைநோக்கியோடு நின்றார். போவோர் வருவோரைக் கூப்பிட்டு, வந்து பாருங்கள் என்றார். 1968-இல் இளைஞர் இருவரோடு சேர்ந்து நடைபாதை வானியலார் என்னும் குழுவைத் தொடங்கினார். கட்டணமில்லை, உறுப்பினர் தேர்வில்லை. 24 அங்குலப் பெருந்தொலைநோக்கி ஒன்றைச் சமைத்து, மக்கள் திரளும் காட்டுப் பூங்காக்களுக்கும் கொண்டுசென்றனர். வானம் இப்பூங்காவைச் சேர்ந்ததன்று என்று ஒரு காவலர் தடுத்தாராம். ஆனால் இப்பூங்கா வானத்தைச் சேர்ந்ததாயிற்றே என்று தாபுசன் விடை சொன்னாராம்.

அவர் கண்ட அமைப்பு மிக எளிது. ஒட்டுப்பலகைப் பெட்டி, அடியில் சுழலும் பலகை, வழுக்கும் சிறு துண்டுகள் மேல் அது கிடக்கும். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நிற்கும். பற்சக்கரமுமில்லை, பொறியுமில்லை. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனாலேயே உலகெங்கும் எளியவர்கள் அவர் பெயராலேயே அத்தொலைநோக்கியைச் செய்துகொள்கின்றனர். 2014 சனவரியில், 98-ஆம் அகவையில் மறைந்தார். பேரண்டத் தோற்றம் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கைகளை வானியலார் ஏற்கவில்லை; நானும் ஏற்கவில்லை. அதனால் என்ன? அவர் தெருமுனையில் காட்டிய நிலா பொய்யன்றே!

அந்த முறையில்தான் நானும் ஒரு 8 அங்குல ஆடி தேய்த்தேன். இரண்டு கண்ணாடி வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே தேய்ப்புத்தூளும் நீரும் இட்டு, முன்னும் பின்னும் இழுக்கவேண்டும். மேலுள்ளது குழியும், கீழுள்ளது குவியும். பின்னர்க் கீல் பூசிய வட்டில் மெருகேற்றவேண்டும். மூன்று திங்கள் ஆயிற்று. இருட்டில் விரிந்த நம் கண்மணியைப் போல ஏறத்தாழ 800 மடங்கு ஒளியை அந்த ஆடி ஏந்தும்.

முதன்முறை ஒரு சிற்றூர்த் தெருவில் அதனை நிறுத்தியபொழுது நான் தோற்றேன். அரைமணி நேரம் பேசினேன். நெபுலா என்றேன், காலக்சி என்றேன். நெபுலான்னா என்னங்கையா என்று ஒரு சிறுவன் கேட்டான். எனக்குச் சட்டென்று தமிழில் வாய் வரவில்லை! முகிற்படலம் என்று சொல்லியிருந்தால் அவன் கேட்டிருக்கவே மாட்டான். முகில் அவன் அறிந்தது. கூட்டம் மெல்லக் கலைந்தது. அன்று இரண்டு பாடம் கற்றேன். முதலில் காட்டவேண்டும், பிறகே பேசவேண்டும். பேசுவதை, கேட்பவர் வீட்டுச் சொல்லாற் பேசவேண்டும்.

அடுத்த ஆண்டு அதே தெருவுக்குப் போனேன். காரிக்கோளைக் காட்டிக்கொண்டிருந்தேன். என்ன அது என்று கேட்ட மூதாட்டி ஒருவர், சனி என்று யாரோ சொன்னதும் இரண்டடி பின்வாங்கினார்.

"வேணாம் வாத்தியாரையா. அதைக் கண்ணாலே பார்த்தா ஏழரை பிடிச்சுக்காதா?"

"ஆத்தா, நூறு பேர் பார்த்துவிட்டார்கள். நான் நாள்தோறும் பார்க்கின்றேன்" என்றேன்.

நெடுநேரம் தயங்கி, ஒரு கையால் என் தோளைப் பற்றிக்கொண்டு, குழாயில் கண் வைத்தார். பேச்சில்லை. மீண்டும் வைத்தார். "இதுவா சனி? காதுத் தோடு கணக்கால்ல இருக்கு!" என்றார். பிறகு விறுவிறுவென வீட்டுக்குப் போய், இருபத்தைந்து அகவை இருக்கும் பேத்தியைக் கையைப் பிடித்து இழுத்துவந்தார். "பாருடி! உன் கல்யாணத்தை மூணு தடவை நிறுத்துனவன் இவந்தானாம். நல்லாப் பாரு!"

அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் அவளை விலகச் சொல்லவில்லை. அங்கிருந்து ஒளி இங்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் என்றேன். "அவ்வளவு தொலைவில் இருப்பதற்கு என்னை எப்படித் தெரியும்?" என்றாள். அவள் திருமணம் பிறகு நடந்ததா என்பதை நான் அறியேன். அந்தக் கேள்வியை அவளேதான் கேட்டாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை மட்டும் அறிவேன். பகுத்தறிவு மேடைகளில் நான் முப்பது ஆண்டு பேசியதை அந்த ஒட்டுப்பலகைப் பெட்டி மூன்று மணித்துளியில் செய்தது.

சரி, நேரமாயிற்று. வெளியே காணப்போவதைச் சொல்லிவிடுகின்றேன்.

தென்மேற்கில் காரி நிற்கின்றது. அதன் வளையம் ஏறத்தாழ 2,70,000 கிலோமீட்டர் குறுக்களவுடையது. தடிப்போ பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான். பனிக்கட்டித் துண்டுகளாலானது. ஏறத்தாழ 15 ஆண்டுக்கொருமுறை அதன் விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும். 2025 மார்ச்சில் அவ்வாறு திரும்பியது. ஆதலால் படங்களில் கண்டதுபோல் அகன்றிராமல் ஒடுங்கித் தோன்றினால் ஏமாறவேண்டா. தலைக்கு மேலே ஆரல்; கண்ணால் ஆறெண்ணுவோர் குழாயில் எத்தனை எண்ணுகின்றீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். கிழக்கே செந்நிற ஆதிரையை உடைய கூட்டத்தில் மூன்று மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குச் சற்றுத் தெற்கே, ஊதிய புகைபோல ஒரு முகிற்படலம் தெரியும். அங்கே புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. இன்று நம் கண்ணில் விழும் அதன் ஒளி, பல்லவர் மாமல்லபுரத்தில் கல் செதுக்கிய நூற்றாண்டில் புறப்பட்டது.

களத்துமேட்டுத் தெருவிளக்கை அணைத்துத்தர ஊராட்சிப் பணியாளர் இசைந்துள்ளார்; அவர்க்கு நன்றி. கண் இருட்டுக்குப் பழக இருபது மணித்துளியாவது வேண்டும். ஆகவே கைப்பேசி விளக்கை ஒருவரும் ஏற்றவேண்டா. ஒருவர் ஏற்றினால் நூறு பேர் கண் கெடும். வழிகாட்டச் சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கு இரண்டு உள்ளன. பகலில் இக்கருவியை ஞாயிற்றின் பக்கம் திருப்பவே கூடாது; கண் போய்விடும். பிள்ளைகளே, இதை மறவாதீர்கள்.

குழாய்க்குள் படம் ஒட்டியிருக்கின்றோமோ என்று ஐயுறுவோர் முன்வாயில் கையை நீட்டி மறைத்துப் பார்க்கலாம். நான் சினம் கொள்ளேன். உயரம் போதாதவர்க்கு இரண்டுபடி ஏணி வைத்துள்ளோம். குழந்தைகளும் முதியவர்களும் முன்னே வாருங்கள். மன்றத்தார் கடைசியில் நில்லுங்கள். காரி சாயத் தொடங்கிவிட்டது. எழுந்திருங்கள், போவோம்.