மறைத்தலும் நிலைநிறுத்தலும்

(மகாவீரர் ஜயந்தியையொட்டிச் செங்கற்பட்டில் நிகழ்த்திய உரை)



பகவான் மகாவீரரைப் போற்றும் மேடையில் திரைப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் சிராவகரின் மூலகுணம். மதுவைப் பற்றி நமக்கு என்ன பேச்சு என்றும் கேட்கலாம். 2023 மே மாதத்தில் இம்மாவட்டத்து மதுராந்தகம் பகுதியிலும், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைப் பருகி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் நம் அண்டை அயலார். படிப்புக்கும் பணிக்கும் வெளியூர் செல்லும் நம் பிள்ளைகளும் இதே உலகில்தான் வாழ்கின்றனர். ஆகவே பேசத்தான் வேண்டும்.

குடியை நாடகமாக்கிக் காட்டுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. மாமல்லன் எனப்பட்ட நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்ம பல்லவன், 7ஆம் நூற்றாண்டில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக் குடைவரையும் அவன் காலத்ததே. அந்நாடகத்தில் சத்தியசோமன் என்னும் காபாலிகன், குடிமயக்கத்தில் தன் துணைவியின் பெயரையே தடுமாறிச் சொல்கிறான். அவள் சினம் கொள்ளவே, அன்று முதல் குடியைத் துறப்பதாகக் கூறுகிறான். அவளோ அவன் காலில் விழுந்து, தன் பொருட்டு அவ்வாறு செய்ய வேண்டா எனத் தடுத்துவிடுகிறாள். நகைக்கத்தக்க காட்சிதான். ஆயினும் குடிப்பவனின் உறுதி உடனிருப்போர் கையிலும் இருக்கிறது என்பதை அது உணர்த்துகிறது.

1985ஆம் ஆண்டு கே. பாலசந்தரின் இயக்கத்தில் வெளிவந்த ‘சிந்து பைரவி’ அதே உண்மையைத் துயரத்தோடு காட்டுகிறது. சுகாசினிக்கும் இளையராஜாவுக்கும் சித்ராவுக்கும் தேசிய விருது பெற்றுத் தந்த படம் அது. சிவகுமார் நடித்த ஜே.கே.பி. என்னும் பாடகர், மதுவருந்தி வந்த மிருதங்கக் கலைஞரைக் கச்சேரியிலிருந்தே விலக்கும் அளவுக்குக் கண்டிப்பானவர். அவரே பின்னர் ஒரு குவளை மதுவுக்காகத் தம் இசையை விற்கும் நிலைக்குத் தாழ்கிறார். இல்லற விரதம் முதலில் தளர்ந்தது; மது அதன்பின் நுழைந்தது. மனைவி பைரவி செய்வதறியாது நிற்கிறாள். சிந்து திரும்பி வந்த பிறகே அவர் மீள்கிறார். படத்தில் ஒரு சிந்து வந்தாள். நம் இல்லங்களில் யார் வருவார்?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம், ஸ்திதிகரணம் என இரண்டு அடுத்தடுத்து நிற்கின்றன. தவறியவர் குறையைப் பறைசாற்றாமல் காப்பது முதலாவது. நெறியிலிருந்து வழுவியவரை மீண்டும் அதில் நிலைநிறுத்துவது இரண்டாவது. நாம் முதலாவதைப் பற்றிக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். நம்முடையது சிறிய சமுதாயம். ஒரு வீட்டுச் செய்தி மறுநாளே பத்து ஊர்களை எட்டிவிடும். மகளின் திருமணம் தடைப்படுமோ என அஞ்சி மகனின் குடியை மறைக்கிறோம். வாய் திறவாதே என்று மருமகளிடம் சொல்கிறோம். இவ்வாறு மறைப்பது உபகூகனம் ஆகாது. நோயை வளர்ப்பதே ஆகும்.

ஸ்திதிகரணத்துக்கு நம் நூல்கள் காட்டும் சான்று வாரிசேண முனிவர். துறவு பூண்டும் மனைவியின் நினைவில் கலங்கிய நண்பரை அவர் இகழ்ந்து துரத்தவில்லை. தம் அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்து வந்தவற்றைக் காட்டினார். நண்பர் நாணித் தெளிந்தார். வழுவியவரோடு உடன் நடப்பதே நிலைநிறுத்தல்.

விரதத்திலும் அதற்கு வழியுண்டு. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு திங்கள் எனக் காலவரையறையோடு ஏற்பது நியமம். வாழ்நாள் உறுதிக்கு அஞ்சுபவர் மது தொடாத ஒரு நாளிலிருந்து தொடங்கலாம். ஆனால் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரக்கூடும். ஆகவே மருத்துவர் துணையும் இன்றியமையாதது. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை நிறுவனம், நோயாளியோடு அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனை அளிக்கும் முறையைக் கைக்கொண்டது. குடும்பமும் தேற வேண்டியதே என்பதை அது உணர்ந்திருந்தது. 14446 என்னும் தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

பெரியோர்களே, துன்புறும் இல்லம் ஒன்று உங்களை நாடி வந்தால் செய்தியை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் வழித்துணையாகவும் இருங்கள். அவ்வீட்டுப் பெண்ணைக் கொள்ளவும், அவ்வீட்டுக்குப் பெண் கொடுக்கவும் மீண்டவரின் பழைய குறையைத் தடையாக்காதீர்கள். இரண்டு அங்கங்களும் அப்போதுதான் நிறைவுறும்.

அறம் பெருகுக! ஜெய ஜினேந்திரா!