காட்டில் தொலைந்தவரும் ஊர் கட்டிய கதையும்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கல்வி உதவித்தொகை பற்றிப் பேச வேண்டிய கூட்டம் இது. அதற்கு முன் பத்து நிமிடம் வேறொரு விஷயம் பேச அனுமதியுங்கள்.

சென்ற மாதம் நம் மஹல்லாவின் ஒரு பெரியவர் காணாமல் போனதும், மறுநாள் மாலை தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்தில் கிடைத்ததும் நீங்கள் அறிந்ததே. அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு கிடைத்தார். மறதி நோய் உள்ளவர். ஃபஜ்ருக்குப் பள்ளிக்குக் கிளம்பியவர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார், எங்கோ இறங்கியிருக்கிறார், கால் போன போக்கில் நடந்திருக்கிறார். நடந்தது அவ்வளவுதான்.

முதல் நாள் தேடப் போனவர்கள் எட்டுப் பேர். கதை சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. ஜின் தூக்கிப் போய்விட்டது என்றார்கள். கிட்னி எடுக்கும் கும்பல் அத்திப்பள்ளி தாண்டிக் கடத்திவிட்டது என்றார்கள். மருமகள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு ஓடியது. வீட்டார் பதறிப்போய் ஓர் ஆமிலைத் தேடிப் போனதில் அரை நாள் வீணாயிற்று. அந்த அரை நாள் அவர் தண்ணீரில்லாமல் வெயிலில் கிடந்தார்.

ஜின்கள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. குர்ஆன் சொல்வதை ஈமான் கொண்டவர்கள் நாம். ஆனால் இந்த மனிதரை, இந்த நாளில், ஜின்தான் கொண்டுபோனது என்ற தகவல் நமக்கு எங்கிருந்து வந்தது?

காட்டில் வழி தவறியவன் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவான். திகைப்பூண்டை மிதித்துவிட்டான் என்று நம் கிராமங்களில் சொல்வார்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார்கள். காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலவோ தெரிந்தவரை நேராகப் போனவர்கள், அது மறைந்ததும் தம்மை அறியாமலே வளைந்து, நடந்த தடத்திலேயே திரும்பவும் குறுக்கிட்டார்கள். பூண்டும் இல்லை, பேயும் இல்லை. அடையாளம் தெரியாவிட்டால் மனிதனுடைய நடை அப்படித்தான்.

கொடைக்கானல் குணா குகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே பேயின் சமையலறை. பாறைகளுக்கு நடுவே செங்குத்தான ஆழப் பிளவுகள், மேலே வேரும் சருகும், எந்நேரமும் பனிமூட்டம். கால் வைத்தவன் விழுவதற்கு இது போதாதா? விழுந்தவர் மீண்டதில்லை என்ற பேச்சு அங்கே ஊறிப்போயிருந்தது. 2006-இல் கேரளாவின் மஞ்ஞும்மலில் இருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அதில் விழுந்தார். இனி அவ்வளவுதான் என்று சுற்றியிருந்தோர் சொன்னபோது, கூட வந்த நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை உயிரோடு மேலே கொண்டுவந்தார். 2024-இல் படமாகவும் வந்ததே, பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். பேய்க்கதையை அந்த நண்பர் நம்பியிருந்தால் கயிற்றை யார் பிடித்திருப்பார்கள்?

அப்படியானால் ஏன் கதை கட்டுகிறோம்? எங்களுக்குத் தோன்றுவது இது. ஒரு மனிதர் இல்லை என்பது பெரிய விஷயம். பஸ் மாறி ஏறினார் என்பது சின்னக் காரணம். இவ்வளவு பெரிய துக்கத்துக்கு இவ்வளவு சின்னக் காரணமா என்று மனம் ஒப்பாது. இன்னொன்று, "தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பது கொடுமை. கதை வந்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறிவிடுகிறது, தேடும் கால்களும் நின்றுவிடுகின்றன. சிலர் தம் தவறை மறைக்கவும் கதை சொல்வார்கள். யூசுஃப் நபியைக் கிணற்றில் போட்ட சகோதரர்கள் ஓநாயின் மீதுதானே பழி போட்டார்கள்! யஃகூப் நபி அதை ஏற்கவில்லை. பல்லாண்டு கழிந்த பின்னும் போய்த் தேடுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சம்பவம் நாம் எல்லோரும் ஓதித் தெரிந்ததே. பனூ முஸ்தலிக் போரிலிருந்து திரும்பும் வழியில் தொலைந்த மாலையைத் தேடப் போனார்கள். ஒட்டகச் சிவிகைக்குள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் படை நகர்ந்துவிட்டது. அவர்களோ அலையவில்லை, தேடி வருவார்கள் என்று அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) கண்டு அழைத்து வந்தார்கள். காரணம் ஒரு கழுத்து மாலை. மதீனாவில் கட்டப்பட்ட கதையோ ஒரு மாத காலம் அந்த வீட்டை அழவைத்தது. சூரா நூரின் வசனங்கள் இறங்கித்தான் அது அடங்கியது.

நம் மஹல்லாவில் மருமகளைப் பற்றிப் பேசியவர்களில் இதுவரை இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் வீடு தெரியும்.

இனி நடைமுறை. காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் ஒரு கட்டுக்கதைதான். உடனே 112-க்குச் சொல்லுங்கள், காவல் நிலையத்துக்குப் போங்கள். கடத்தல் போன்ற குற்றச் சந்தேகம் இருந்தால், கர்நாடகமா தமிழ்நாடா என்று எல்லை பார்த்துத் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. குளிர்காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைகள் நம் பக்கம் வருவதால், வனத்துறையினர் இல்லாமல் இருட்டில் காட்டுக்குள் தேடப் போகாதீர்கள்.

மறதி உள்ள பெரியவர்களின் சட்டை உள்பையில் வீட்டு எண்ணைத் தைத்து வையுங்கள். அவர்களின் பெயரையும் படத்தையும் நம் அலுவலகப் பதிவேட்டில் சேர்க்கிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே வந்து கொடுக்கலாம். வஸ்ஸலாம்.