குடந்தையில் நான்கு இலைகள்



இன்றைய அமர்வுக்குத் தரப்பட்டுள்ள பொருள் இரவுண்ணாமை. அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் இல்லறத்தார் நோன்புகளை வகுத்துக் கூறியுள்ளன. அவற்றை அறியாதவர் இந்த அவையில் இலர். எனவே நூற்செய்திகளை அடுக்குவதை விட்டு, ஒரு குடும்பம் தான் வாழ்ந்த பழைய ஊருக்குச் சென்றுவந்த செய்தியை மட்டும் சொல்வது பொருந்தும்.

நம்மவர் குடும்பம் அது. குடும்பத் தலைவர் மின்வாரியத்தில் கணக்கராகப் பணியாற்றியவர். 1972 முதல் 1995 வரை கும்பகோணத்தில் வாழ்ந்தார். மகன் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். பின்னர்ப் பதவி உயர்வு கிடைத்துச் சென்னைக்குக் குடிபெயர்ந்தனர். 2023 தை மாதத்தில், எண்பத்திரண்டு வயதான அப்பெரியவர், சந்திரப்பிரப பகவானை மீண்டும் ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்று விரும்பினார். மகனும் மருமகளும் பன்னிரண்டு வயதுப் பேத்தியும் அவருடன் புறப்பட்டனர். அவருடைய இல்லத்தரசியார் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

சோழன் விரைவு வண்டியில் நண்பகல் கடந்து இறங்கினர். ஊர் மாறியிருந்தது, எந்த ஊர்தான் மாறவில்லை? பாத்திரக் கடைகளின் வரிசையும் வெற்றிலை மணமும் மட்டும் பெரியவருக்குப் பழகியவையாக இருந்தன. உடன் பணியாற்றிய நண்பர்களுள் இருவரைத்தான் காண முடிந்தது. ஒருவருக்குக் காது கேட்கவில்லை. கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தார். மற்றவர்கள் வீடுகளில் சுவரில் மாட்டிய படங்களுக்குத்தான் வணக்கம் சொல்ல நேர்ந்தது.

காவிரிக் கரையில் அரசினர் கல்லூரியைக் கண்டபோது பெரியவர் பேத்திக்கு ஒரு செய்தி சொன்னார். அதைத் தமிழ்ச் சமணர் ஒவ்வொருவரும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1880இல் அக்கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். சைவப் பெரும்புலவரிடம் பல ஆண்டுகள் பாடம் கேட்டிருந்த ஐயர் அந்நூலைப் படித்ததில்லை. முதலியார் தந்த பிரதியைப் படிக்கத் தொடங்கியபோது, சமண சமயச் சொற்களும் மரபுகளும் விளங்கவில்லை. அவர் அவ்வூர்ச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்று ஐயங்களைக் கேட்டார். சிந்தாமணியைப் பல மாதங்கள் படித்து நிறைவு செய்து, அந்த நாளை விழாவாகக் கொண்டாடிய வீடுகள் அங்கே இருந்தன. கேட்டவர் திருநீறு அணிந்தவர். சொன்னவர்கள் அருகனைத் தொழுதவர்கள். 1887இல் நூல் அச்சேறியது. நம் வீட்டுப் பொருளை உலகுக்குக் காத்துத் தந்தவர் நம் அண்டைவீட்டார்.

பேத்திக்கு அச்செய்தி அப்போது பெரிதாகப் படவில்லை. கைப்பேசியில் கல்லூரியைப் படம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவே.

ஆலய தரிசனம் முடித்து, பழைய தெருவுக்கு நடந்தனர். அவர்கள் குடியிருந்த வீடு இடிக்கப்பட்டு, அங்கே மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. அதை ஒட்டிய ஓட்டு வீடு அப்படியே இருந்தது. அங்கே வாழும் மூதாட்டி சைவக் குடும்பத்தவர். பெரியவரின் மனைவிக்கு இருபத்து மூன்று ஆண்டுத் தோழி. கார்த்திகை நாளில் பஞ்சாமிர்தம் பிசையும்போது, தேன் சேர்ப்பதற்கு முன்பே ஒரு கிண்ணம் எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பெண்மணி அவர். தேன் நமக்கு ஆகாது என்பதை யாரும் அவருக்கு இரண்டாம் முறை சொல்ல நேரவில்லை.

மூதாட்டி மகனைக் கண்டதும், "தம்பி, நீயா?" என்று கன்னத்தைத் தொட்டார். மறைந்த தோழியின் பெயரைச் சொல்லிச் சற்று அழுதார். பின்னர்த் திடீரென்று எழுந்து முற்றத்துக்குச் சென்று வானத்தைப் பார்த்தார். தை மாதத்துப் பொழுது. ஆறு மணி கடந்தால் வெயில் நில்லாது.

"பேச்சை அப்புறம் வச்சுக்கலாம் அண்ணா. பொழுது சாயுறதுக்குள்ள இலை போட்டுடுறேன். வர்றீங்கன்னு தெரிஞ்சதும் காலையிலேயே எல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

கூடத்தில் நான்கு வாழை இலைகள் விரிந்தன. கிழங்கு இல்லை, வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. பாசிப்பருப்புக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், எலுமிச்சை ரசம். செம்பில் இருந்த நீர் வெள்ளைத் துணியில் வடிகட்டப்பட்டிருந்தது. அக்கா சொல்லிக்கொடுத்த முறை என்றார்.

மகனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பேத்திதான் வாய் திறந்தாள். "நாங்க எல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் சாப்பிடுவோம் பாட்டி. தாத்தா மட்டும்தான் இந்த நேரத்துல சாப்பிடுவாங்க."

மூதாட்டி நோன்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "அப்ப தாத்தா தனியாவா சாப்பிடுறாங்க?" என்றார்.

யாரும் விடை கூறவில்லை. அவ்வீட்டாரைக் குறை சொல்லவும் இயலாது. சென்னையில் கணவனும் மனைவியும் பணியிடத்திலிருந்து வீடு சேரவே இரவு எட்டு மணி ஆகிறது. காலையில் சமைத்து வைத்த உணவை மாலை ஐந்தரைக்குப் பெரியவர் தாமே சூடாக்கி, தாமே பரிமாறி உண்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். மனைவி மறைந்தபின் ஆறு ஆண்டுகளாக அப்படித்தான். அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. இதைக் கேட்கும் நம்மில் எத்தனை வீடுகளில் அந்தத் தட்டு தனியே கவிழ்கிறதோ!

மகன் எழுந்துபோய்க் கை கழுவிவந்து தந்தைக்குப் பக்கத்து இலையில் அமர்ந்தார். மருமகள் அமர்ந்தார். பேத்தி தாத்தாவின் மறுபுறம் அமர்ந்தாள். வெளிச்சம் குறையக் குறைய மூதாட்டி விரைந்து பரிமாறினார். முற்றத்தில் கடைசி வெயில் சுவரேறியபோது மோர்ச்சோறு முடிந்தது. பெரியவர் இலையை மூடிவிட்டும் எழாமல், பேத்தி உண்டு முடிக்கும்வரை இருந்தார்.

விளக்கேற்றியபின் பழங்கதைகள் இரண்டு மணி நேரம் நீண்டன. பேத்தி பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, தேன் எடுக்கும்போது தேனீக்கள் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கேள்விக்கு விடை சொன்னவர் சைவ மூதாட்டி.

அன்று இரவு வண்டியிலேயே சென்னை திரும்பினர். வண்டியில் உண்பதற்கென்று மருமகள் நிலையத்துக்கு அருகே நண்பகலிலேயே சொல்லிவைத்து, ஏறும்முன் வாங்கிவந்த பொட்டலங்கள் மூன்று பையில் இருந்தன. ஒன்பது மணி கடந்தது. பெரியவர் கீழ்ப்படுக்கையில் உறங்கிவிட்டார். பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை.